தோல் கன்றுக்குச் சுரந்த பால்

மலாயா சுதந்திரம் வாங்கின மெர்டேக்காவுக்கு முந்தின வருஷம் கல்யாணமாகி மலாக்காவில் காஜா பேராங்குக்கு வந்தேன். அதுவரை ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்தவள். கித்தா மரத்தில் வடிவதையும் நாங்கள் பால் என்றுதான் சொல்வோம். பால் வாளி, பால் கொட்டாய், பால் எடுக்கிற நேரம். ஆறு வருஷம் அந்த வாளியைத் தூக்கிய தோள் இனியாவது கொஞ்சம் ஓயும் என்று நினைத்துத்தான் கழுத்தை நீட்டினேன். வந்த வீட்டின் பின்னால் ஆறு மாடுகள் நின்றன.

என் கணவர் பால்காரர். விடியுமுன் கறந்து, இரண்டு கேன்களைச் சைக்கிளின் இரு பக்கமும் மாட்டிக்கொண்டு, காஜா பேராங் வீடுகளுக்கும் பண்டார் ஹிலிரில் இரண்டு காப்பிக் கடைகளுக்கும் ஊற்றிவிட்டு வருவார். வந்து ஒரு வாய் சாப்பிட்டதும் அரிவாளை எடுத்துக்கொண்டு குருபோங் பக்கம் புல் அறுக்கக் கிளம்பிவிடுவார். சாணி அள்ளுவது, கொட்டகை கழுவுவது, புண்ணாக்கு ஊறவைப்பது, தண்ணீர் காட்டுவது, கன்றுகளைப் பிடித்துக் கட்டுவது எல்லாம் என் பங்கு. மாமனார் மாமியார் இல்லாத வீடு. நல்ல இடம் என்றார்கள். இருந்திருந்தால் வேலைக்கு இன்னும் இரண்டு கை கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

வந்த புதிதில் காலையும் மாலையும் நுரையோடு ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து நீட்டுவார். "மரம் சீவின ஒடம்பு, எலும்பும் தோலுமா இருக்கே. குடி" என்பார். தோட்டத்தில் டின் பால் தவிர வேறு பால் கண்டதில்லை. அந்தப் பாலின் சூடும் அவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பதும் எனக்குப் பிடித்திருந்தன.

கிடேரிக் கன்று பிறந்தால் வளர்ப்போம். காளைக் கன்று பிறந்தால் சில வாரம் தாயோடு விட்டுவிட்டு, உஜோங் பாசிரில் இருந்த மாட்டு வியாபாரியிடம் கொடுத்துவிடுவோம். அவர் தமிழ் முஸ்லிம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வந்த மூன்றாம் மாதம் முதல் கன்று போனது. "நான் புல்லுக்குப் போயிருப்பேன். பாய் வந்தா கயித்த குடுத்துரு" என்று சொல்லிவிட்டு என் கணவர் சைக்கிளை எடுத்தார்.

சாயங்காலம், "அத எங்க கொண்டுபோவாரு?" என்று கேட்டேன்.

"வளக்கிறவங்க வாங்குவாங்க" என்றார்.

நாங்கள் மாட்டுக்கறி தொடாத குடும்பம். வெள்ளிக்கிழமை மீன்கூடக் கிடையாது. அவர் சொன்னதை நம்புவது எனக்கும் சௌகரியமாக இருந்தது. நம்பினேன். மூன்று முறை நான்தான் கயிற்றைக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவர் புல்லுக்குப் போயிருந்தார். அது தற்செயலில்லை என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

செவலை மாடு ஈன்றது மெர்டேக்கா வருஷத்தில். ஆறில் அதிகமாகக் கறக்கிறது அதுதான். கன்று கறுப்பு, நெற்றியில் வெள்ளை. நல்ல பசி அதற்கு. முட்டி முட்டிக் குடித்தது. ஊரெல்லாம் கொண்டாட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த சமயம். காப்பிக் கடைக்காரர் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பால் கேட்டார். பலகாரம் போடுகிற ஒருவர் தயிரும் நெய்யும் சொல்லியிருந்தார். என் கணவர் கன்றையும் மடியையும் மாறி மாறிப் பார்த்தார். மற்றக் கன்றுகளுக்குக் கொடுத்த நாட்களில் பாதிகூட இதற்குக் கொடுக்கவில்லை. பாய் வந்தார். நான் கயிற்றைக் கொடுத்தேன்.

செவலை இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் கத்துவதை நிறுத்தியது. பாலையும் நிறுத்திவிட்டது. மடி கனத்துக் கிடக்கும், ஆனால் காம்பில் ஒன்றும் இறங்காது. அவர் வெந்நீர் ஒற்றினார், எண்ணெய் தடவினார், பாட்டுக்கூடப் பாடிப் பார்த்தார். உதைத்தது. கேனில் பாதிகூட நிறையாமல் நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் காலை வேறு யாருக்கும் கேட்காத குரலில், "பாய்கிட்ட தோல கேட்டிருக்கேன்" என்றார்.

"எந்தத் தோல?"

"பாய் கொண்டாருவாரு. உள்ள புல்லு திணிச்சுத் தைச்சு வை, செவல முன்னால நிறுத்தணும்" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வளர்க்கிறவர்கள் வாங்கிய கன்றின் தோலை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

மதியம் பாய் வந்தார். கையில் ஒரு கோணிச் சாக்கு. எப்போதும் வாசலிலேயே நின்று குரல் கொடுக்கிறவர், அன்று கொட்டகைப் பக்கமாகச் சுற்றி வந்தார்.

"தம்பி கேட்டுச்சு, கொண்டாந்தேன். உப்பு போட்டு வச்சிருக்கேன். நீங்க பாக்க வேணாம் தங்கச்சி, ஓரமா வச்சிட்டுப் போறேன்."

"நான்தாங்க தைக்கணும்" என்றேன்.

சாக்கைத் தூணோரம் இறக்கி வைத்தார். "என் தொழில் இது. நான் மறைக்கிறதில்ல. தம்பிதான் உங்ககிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லியிருந்துச்சு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வீட்டோடு சம்பந்தப்பட்ட எல்லோரிலும் நேராகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

தோலுக்குள் திணிக்க என் கணவர் காலையிலேயே காய்ந்த லாலான் புல்லைக் கட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார். கோணி ஊசி, சணல் கயிறு, காலுக்கு வைக்க நான்கு குச்சி. தலை இல்லை. தலை வேண்டாம், வாசம் இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து தைத்தேன். அழுததாக ஞாபகம் இல்லை. தோல் தடிப்பு, ஊசி இறங்கவில்லை, உப்பு விரல் வெடிப்பில் எரிந்தது, உலை வைக்க நேரமாகிவிட்டது. நினைத்ததெல்லாம் இவைதான்.

சாயங்காலம் அவர் வந்ததும் நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் செவலைக்கு முன்னால் நிறுத்தினேன். முகர்ந்தது. முதுகிலிருந்து வயிறுவரை மெதுவாக நக்கத் தொடங்கியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன சத்தம். அவர் வாளியோடு குந்தினார். பால் இறங்கியது. வாளியில் முதலில் தகரச் சத்தம், பிறகு நுரைச் சத்தம். கறந்து முடிக்கிறவரை அவர் தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் காலை டம்ளரை நீட்டினார். வாங்கினேன். வாய்வரை கொண்டுபோனேன். உள்ளே இறங்கவில்லை.

"என்ன?" என்றார். பிறகு, "நீ குடிக்காட்டி கறக்காம விட்டுருவோமா?" என்றார்.

"விட மாட்டீங்க. தெரியும்."

"அப்புறம் என்ன?"

"எனக்கு இறங்க மாட்டேங்குது."

அவர் அந்த டம்ளரைக் கேனிலேயே ஊற்றிவிட்டு விற்கப் போனார். சண்டை இல்லை. சண்டை போட இருவருக்கும் தெம்பு இல்லை.

பால் போனதும் மற்றவையெல்லாம் தானாகப் போயின. ஒரு மாதம் கழித்து ஆட்டுக்கறி அலசும்போது விரலில் அந்த உப்பு எரிவு மறுபடி வந்ததுபோல் இருந்தது. அவருக்கு மட்டும் சமைத்தேன். பிறகு கோழி, முட்டை. மீன்தான் கடைசி. கெம்போங் மீன் பொரிக்கிற வாசத்துக்கு அன்றும் எனக்கு நாவில் நீர் ஊறியது. ஊறட்டும் என்று விட்டேன்.

இதற்கிடையில் மெர்டேக்கா அன்று ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனது. அவர் கேன்களோடு போனார். நான் போகவில்லை. மாட்டுக்கு லீவு கிடையாது.

சோறும் ரசமும் கீரையும் தின்று இத்தனை வேலை செய்ய முடியவில்லை. நடக்கையில் கண் இருட்டியது. அதைக் கண்டுபிடித்தது அடுத்த வீட்டு ஞோஞா அம்மாள், மலாய் பேசுகிற பரம்பரை மலாக்காச் சீனப் பெண். எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே ஒரு தகர வேலிதான். அறுபது வயதிருக்கும். தனியாக இருந்தார். நான் அவரை பீபிக் என்று கூப்பிடுவேன். அப்பக்கத்தில் வயதான ஞோஞாக்களை அப்படித்தான் அழைப்பார்கள். எங்கள் பேச்சு மலாயில்தான். சீனர்களின் சைவ மடம் ஒன்றில் அவர் சமையல் வேலை செய்தார். அவரும் கறி, மீன், முட்டை, பால் எதுவும் தொடுவதில்லை.

ஒரு நாள் வேலிக்கு மேல் ஒரு கிண்ணத்தை நீட்டினார். வெள்ளையாக இருந்தது. நான் பின்வாங்கினேன்.

"மாட்டுப்பால் இல்ல. சோயா அவரை. அரைச்சு, வடிகட்டி, காய்ச்சினது" என்றார்.

குடித்தேன். பச்சை அவரை வாசம். நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இறங்கியது.

அவர் ஏன் சைவம் ஆனார் என்று பிறகொரு நாள் கேட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் மகனுக்குக் காய்ச்சல் கண்டதாம். பிழைத்தால் இனி உயிருள்ளது எதையும் தின்பதில்லை என்று வேண்டிக்கொண்டாராம். மகன் பிழைக்கவில்லை.

"அப்ப ஏன் இன்னும்?"

"மகன் போயிட்டான். வேண்டினது மட்டும் என்கிட்ட இருக்கு. அத யார்கிட்ட திருப்பிக் கொடுக்கிறது?" என்றார். சொல்லிக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மடத்தில் பலகாரம் விற்பார்கள். பீபிக்கோடு நானும் ஒரு முறை போனேன். கோதுமை மாவில் செய்த வாத்து. சோயாப் பாலில் படிகிற தௌஹு ஏட்டைச் சுருட்டிச் செய்த மீன். அதில் செதில்கூடக் கீறியிருந்தார்கள். வாத்துக்கு இறகுத் தழும்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"கொல்ல வேணாம்னு வந்தவங்களுக்கு எதுக்கு வாத்து உருவம்?"

"ஆள்தான் மடத்துல சேர்ந்திருக்கு. நாக்கு இன்னும் வெளியதான் நிக்குது" என்றார் பீபிக்.

விலை கேட்டேன். ஒரு சின்ன வாத்துத் துண்டின் விலைக்குப் பாசாரில் எங்கள் இருவருக்கும் மூன்று வேளைக்கு மீன் வாங்கலாம். ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். சோயாக் கிச்சாப்பும் இஞ்சியும் போட்டுப் பிரட்டி அவருக்கும் வைத்தேன். மென்றார். வெகு நேரம் மென்றார்.

"கித்தா மாதிரி இருக்கு" என்றார். விலையைச் சொன்னதும் மெல்லுவதை நிறுத்தினார். "உசுரோட நீந்துன மீனு மலிவு. மாவு இந்த வெலையா?"

மறுநாள் அதையே பீபிக்கிடம் கேட்டேன். அவர் என்னைத் தன் அடுப்படிக்குக் கூட்டிப்போய் மாவைக் காட்டினார். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அலச வேண்டும். பால்போல் வெள்ளை நீர் வரும். கொட்டிவிட்டு மறுபடி. பத்து, பன்னிரண்டு தண்ணீர். கடைசியில் ஒரு பாத்திர மாவில் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதை ஆவியில் வேகவைத்து, பொரித்து, மறுபடி குழம்பில் வேகவைக்க வேண்டும். "மீன் கடல்ல தானா வளருது. இதுக்கு மூணு பொம்பளைங்க அரை நாள். அதான் வெல" என்றார்.

வாங்க வசதியில்லை, அதனால் நானே செய்யக் கற்றுக்கொண்டேன். கொட்டகை வேலை முடிந்ததும் மாவு அலசுவேன். அலசிய வெள்ளைத் தண்ணீரை வீணாக்காமல் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவேன். செவலை உறிஞ்சிக் குடிக்கும். மணிக்கட்டு இரண்டும் வீங்கி, விடிகாலை வாளி பிடிக்க முடியாமல் போகும். ஒரு உயிரைத் தின்னாமல் இருப்பதற்கு இத்தனை வேலையா என்று பல நாள் அலுத்திருக்கிறேன். தின்றிருந்தால் ஓய்ந்திருக்கலாம். அடுத்த தெரு மலாய்க்காரப் பெண் வாழையிலையில் பொதிந்து தெம்பே கொண்டுவந்து விற்கத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டேன். அது மலிவு. சோயாவைப் புளிக்கவைத்த கட்டி, பொரித்தால் போதும்.

அந்தச் சமயம்தான் வயிற்றில் பிள்ளை தங்கியது. கிளினிக்கில் மிஸி, அதாவது நர்ஸம்மா, என் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்ல. பால் குடிக்கிறியா?"

"எங்க வீட்டுல ஆறு மாடு இருக்கு" என்றேன்.

அங்கிருந்த பெண்கள் சிரித்தார்கள். மிஸியும் சிரித்தார். "அப்ப உனக்கு ஏன் கவலை? தெனமும் ரெண்டு டம்ளர் குடி. ஈரல் சாப்பிடு, முட்டை சாப்பிடு" என்று சொல்லிச் சிவப்பு மாத்திரை கொடுத்தார். மாத்திரையை விழுங்கினேன். மற்றதைச் செய்யவில்லை. தெம்பேயும் கீரையும் முருங்கையும் தின்றேன்.

ஏழாம் மாதம் தோட்டத்திலிருந்து என் அக்கா வந்தாள். வந்த அன்றே என் தட்டைப் பார்த்துவிட்டாள்.

"கன்னுக்குட்டி மேல உள்ள பாசம் வயித்துல உள்ளது மேல இல்லையா?" என்றாள்.

"ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீதான் சம்பந்தம். நீ விழுந்தா அதுவும் விழும். தோட்டத்துல வருஷத்துக்கு ஒரு தரம் தீபாவளிக்கு ஆட்டுக்கறி கெடைக்கும்னு காத்திருந்தோம். ஞாபகம் இருக்கா? கெடைக்காதவங்க தின்னாம இருக்கிறது ஒண்ணு. வீட்டுல வச்சிக்கிட்டு வேணாங்கிறது திமிரு."

அவள் சொன்னது என்னைத் தைத்தது. இன்றும் அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை.

பெண் பிறந்தாள். எடை குறைவு, ஆனால் நல்ல குரல். பத்து நாள் கழிந்தும் எனக்குப் பால் ஊறவில்லை. பிள்ளை சப்பிச் சப்பி அழுதாள். அக்கா பூண்டு வதக்கிக் கொடுத்தாள், பீபிக் பச்சைப் பப்பாளியைச் சூப்பாக வைத்துக் கொண்டுவந்தார். எதுவும் ஆகவில்லை. வாங்கின ஒரே பால்மாவு டின்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொடுத்துத் தீர்த்திருந்தோம், எங்களால் தொடர்ந்து வாங்குகிற விலையில் அது இல்லை. பீபிக்கின் சோயாப் பாலைப் பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் தலையை அசைத்தார்.

"வேணாம் மகளே. இது பெரியவங்க பிடிவாதத்துக்கு. பிள்ளைக்கு இல்ல."

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கறக்கிற பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள். என் கணவர் விநியோகத்துக்குப் போயிருந்தார். செவலையிடம் நானே போனேன். தோல் கன்று அப்போது மயிர் உதிர்ந்து, ஒரு பக்கம் லாலான் வெளியே தெரியும்படி ஆகியிருந்தது. அதை எடுத்து முன்னால் வைத்தேன். செவலை நக்கியது. பிரசவத் துணி கட்டிய வயிற்றோடு குந்திக் கறந்தேன். அக்கா அதில் தண்ணீர் கலந்து, காய்ச்சி, ஆறவைத்து, பாலாடையில் புகட்டினாள். பிள்ளை மடக் மடக்கென்று குடித்துவிட்டுத் தூங்கினாள். பத்து நாளில் முதல் முறையாக வீடு அமைதியானது.

நானும் தூங்கியிருக்கலாம். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு தாயின் பிள்ளையை அனுப்பிவிட்டு, அதன் பாலில் என் பிள்ளையை வளர்க்கிறேன். இது தப்பு என்று எனக்குத் தெரியும். மறுநாளும் செய்வேன் என்றும் தெரியும். செய்தேன். ஒன்பது மாதம் செய்தேன். அதன் பிறகு நான் என்ன தின்கிறேன், என்ன தின்னவில்லை என்பதை யாரிடமும் பேசுவதில்லை. கேட்டவர்களிடம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன்.

பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது எங்கள் வீடும் கொட்டகையும் நின்ற நிலத்தின் சொந்தக்காரர் ஆள் அனுப்பினார். அங்கே கடை வீடுகள் கட்டப் போகிறார்களாம். வீடு வருஷக் கடைசிவரை இருக்கலாம், கொட்டகை அந்த மாதமே போக வேண்டும். என் கணவர் வேறு இடம் தேடி அலைந்தார். டவுனில் மாட்டுக்கு இடம் தர யாருமில்லை. இரண்டு இளம் பசுக்களைத் தோட்டத்துப் பக்கம் ஒருவர் வளர்க்க வாங்கினார். மற்ற நான்கும் வயதானவை. செவலையும் அதில் ஒன்று.

பாய் லோரியோடு வந்தார். அன்று என் கணவர் புல்லுக்குப் போகவில்லை. அறுக்க வேண்டிய புல்லும் இல்லை. வாசலில் நின்றார். நான் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தபோது, "விடு, நான் பாத்துக்குறேன்" என்றார். ஒவ்வொன்றாக அவரே நடத்திக்கொண்டு போய் ஏற்றினார். செவலை பலகையில் கால் வைக்கத் தயங்கியது. அவர் அதன் கழுத்தில் கை வைத்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. ஏறியது.

பாய் என்னிடம் வந்து, "தங்கச்சி, மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க" என்றார்.

"இல்லீங்க" என்றேன். பொய்யில்லை. மூன்று வருஷமாக நான் குடிக்காத பாலை வேறு யாரோ குடித்திருக்கிறார்கள். நான் தின்னாத மீனை வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள். என்னால் ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் இன்றுவரை நான் தொடாமலிருக்கிறேன்.

லோரி போன பிறகு அவர் கொட்டகையில் சாணி அள்ளப் போனார். பழக்கம். அள்ளிக் கழுவியும் விட்டார். பிறகு வந்து படியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கி அந்தத் தோல உன்ன தைக்கச் சொன்னேன் பாரு" என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளை இருவருக்கும் நடுவே வந்து நுழைந்தாள்.

மறுநாள் விடியுமுன் வழக்கம்போல் இருவருக்கும் விழிப்பு வந்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. அவர் எழுந்து சட்டையைப் போட்டார். பண்டார் ஹிலிரில் ஒரு கிட்டங்கியில் மூட்டை தூக்க ஆள் கேட்டார்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

"நீ ஏன் எந்திரிக்கிற? படு" என்றார்.

படுத்தேன். வெயில் பலகை இடுக்கில் வந்து முகத்தில் விழுகிறவரை தூங்கினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் நான் அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை.